மகாமாரி புகுந்த மாநகரம் – 6: ஆர்தர் ரோடு வாசலில்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி பம்பாய் முனிசிபாலிட்டியின் நிலைக்குழுக் கூட்டத்தில் டாக்டர் அகாசியோ கேப்ரியல் வியேகாஸ் எழுந்து, துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் தாம் பார்த்த நோயாளிகளைப் பீடித்திருப்பது பிளேக்தான் என்று அறிவித்ததையும், அந்தப் பெயரை உச்சரிக்கவே தயங்கிய அதிகாரிகள் சிலகாலம் அதைச் சந்தேகத்துக்குரிய ஒருவகைக் காய்ச்சல் என்றே குறிப்பிட்டு வந்ததையும் சென்ற இதழ்களில் கண்டோம்.

தானியக் கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்தன. பிறகு மூட்டை தூக்குவோரும், குமாஸ்தாக்களும், அவர்களுடைய குழந்தைகளும் விழுந்தனர். காய்ச்சல் கண்ட ஓரிரு நாளில் அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும், நாக்குக் குழறும், அதன்பின் பெரும்பாலோர் பிழைப்பதில்லை.

நோயின் கிருமியை அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1894-இல், ஹாங்காங்கில் அலெக்ஸாண்டர் யெர்ஸின் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அக்கிருமி எலியின் உடலை விட்டு மனிதனின் உடலுக்கு எந்த வழியாக வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. தெள்ளுப்பூச்சியின் மேல் ஐயம் கொண்டு பால்-லூயி சிமோன் தம் ஆராய்ச்சியை வெளியிட இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஆகவே 1896-இன் பம்பாய், எதிரியின் பெயரை அறிந்தும் அவன் வரும் பாதையை அறியாத நிலையில், கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொன்றின்மீதும் போர் தொடுத்தது.

* * *

அக்டோபர் 6

அன்று முனிசிபல் கமிஷனர் பி. சி. எச். ஸ்னோ ஓர் உத்தரவு பிறப்பித்தார். நோய் கண்ட வீடுகள் யாவும் சுத்திகரிக்கப்பட வேண்டும். நோயாளிகள் தனிமைப்படுத்தப்பட வேண்டும். அவசியமானால் பலவந்தமாகவே வைத்தியசாலைக்கு அகற்றப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

காகிதத்தில் பார்த்தால் இதில் குற்றம் காண்பதற்கில்லை. அந்த உத்தரவு போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

பம்பாயின் உழைப்பாளி மக்கள் வாழ்ந்தது சால் எனப்படும் அடுக்குக் குடியிருப்புகளில். நீண்டதொரு நடைக்கூடம்; அதன் ஓரமாக வரிசையாய் அறைகள்; ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சில அறைகளில் இரண்டு குடும்பங்களும் அவர்களோடு ஊரிலிருந்து வேலை தேடி வந்து ஒண்டிக்கொண்ட நான்கைந்து ஆண்களும். சமைப்பதும் உண்பதும் உறங்குவதும், பிள்ளை பெறுவதும், சாவதும் அந்த ஒரே அறைக்குள்தான். ஜன்னல் இருந்தால் அது இன்னொரு சாலின் சுவரையும், இரண்டுக்கும் நடுவே ஓடும் கழிவுநீர்ச் சந்தையும் பார்த்தபடி இருக்கும்.

இத்தகைய அறைக்குள் சுகாதார இலாகாவின் ஆட்கள் வந்தனர். படுக்கையும் துணிமணியும் தெருவுக்கு இழுத்து வரப்பட்டு எரிக்கப்பட்டன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. தரையில் கார்பாலிக் திராவகம் ஊற்றப்பட்டது. வெயில் உள்ளே விழ வேண்டும் என்பதற்காகக் கூரையின் ஓடுகள் பிரிக்கப்பட்டன. மனித வாசத்துக்குத் தகுதியற்றது என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் கட்டடங்களின் முகப்பில் தீட்டப்பட்டன. சாக்கடைகளிலோ கடல்நீரும் கிருமிநாசினியும் இடைவிடாமல் பாய்ச்சப்பட்டன. அந்த வெள்ளத்தால் துரத்தப்பட்ட எலிகள், அதுவரை நோய் எட்டாத வீடுகளுக்குள்ளும் புகுந்திருக்கக்கூடும் என்று பிற்காலத்தவர் சிலர் கருதுவர்.

எரிந்த படுக்கைக்கு மாற்றுப் படுக்கை வாங்க ஒரு மில் தொழிலாளி எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதை உத்தரவு கணக்கில் கொள்ளவில்லை. அதைவிடக் கொடுமையான விஷயம் வேறு ஒன்று உண்டு. வீட்டில் ஒருவர் நோயுற்றதை வெளியே சொன்னால் அவரையும் இழந்து, வீட்டையும் இழக்க நேரிடும் என்ற நிலை உண்டானதும், ஜனங்கள் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நோயாளிகள் அலமாரிகளுக்குள் மறைக்கப்பட்டனர். பிணங்கள் ஓசையின்றி அப்புறப்படுத்தப்பட்டன. நோயைக் கண்டறிவதற்கென்று இடப்பட்ட உத்தரவே நோய் ஒளிந்துகொள்வதற்குத் திரை கட்டிக் கொடுத்தது.

* * *

அந்த வைத்தியசாலை

நோயாளிகளைக் கொண்டுசென்ற இடம் ஆர்தர் ரோட்டிலிருந்த முனிசிபாலிட்டியின் தொற்றுநோய் வைத்தியசாலை. அதன் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் நஸர்வான்ஜி ஹோர்முஸ்ஜி சோக்ஸி என்ற பார்ஸி மருத்துவர். பிளேக் நோயாளிகளின் படுக்கையருகே அவரளவுக்கு நின்றவர்கள் அக்காலத்துப் பம்பாயில் மிகச் சிலரே.

ஆனால் அவர் கையில் என்ன இருந்தது? தலைக்குப் பனிக்கட்டி, தளரும் இதயத்தைத் தாங்கிப் பிடிக்கச் சில ஊக்க மருந்துகள், தாகத்துக்கு நீர், தாதியரின் பணிவிடை: இவ்வளவே அன்றைய சிகிச்சை. வீட்டில் ஒளித்து வைத்து, இனி ஒளிக்க முடியாது என்ற கட்டத்தில்தான் பலர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஆகவே வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். பெரும்பாலோர் இறந்ததனாலேயே அடுத்தவர்கள் இன்னும் கடைசிக் கட்டத்தில் வந்தார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியேற சோக்ஸிக்கும் வழியில்லை, சால்வாசிகளுக்கும் வழியில்லை.

வாயிலுக்குள் போனவர் சாம்பலாகவே திரும்புகிறார் என்று கண்ட ஜனங்கள் அதற்குத் தாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார்கள். அந்த அக்டோபரில்தான் நகரத்தின் நடுவே நின்ற விக்டோரியா மகாராணியின் பளிங்குச் சிலைக்கு யாரோ இரவோடு இரவாகத் தார் பூசிச் செருப்பு மாலையிட்டிருந்தனர். அந்த அவமானத்துக்குப் பழிவாங்க மகாராணி பிரஜைகளின் உயிரைக் காவு கேட்கிறாள், வைத்தியசாலையில் நோயாளிகளைக் கொன்று உள்ளுறுப்புகளை எடுத்துச் சீமைக்கு அனுப்புகிறார்கள் என்ற வதந்தி சாலுக்குச் சால், மில்லுக்கு மில் பரவிற்று.

இதைப் பாமரத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கோஷாவில் வாழ்ந்த ஸ்திரீயை அந்நிய ஆடவர் தூக்கிச் செல்வதும், அவரவர் குல வழக்கத்துக்கு மாறான கைகளிலிருந்து நீரும் கஞ்சியும் பெற வேண்டியிருப்பதும், இறந்தபின் உடலை அறுத்துப் பார்ப்பார்களோ என்ற அச்சமும், கடைசி மூச்சின்போது வாயில் நீர் விடப் பெற்ற பிள்ளை அருகில் இல்லாமல் போவதும் அந்த மக்களுக்கு மரணத்தைவிடப் பெரிய துன்பங்களாக இருந்தன. அவற்றைப் பற்றி அவர்களிடம் யாரும் பேசவில்லை. பேசாத இடத்தில் வதந்தி பேசிற்று.

அக்டோபர் 29. தீபாவளிக்கு ஒரு வாரமே இருந்தது. சுற்றுவட்டாரத்து மில்களைச் சேர்ந்த ஏறக்குறைய ஆயிரம் தொழிலாளர்கள் ஒன்றுதிரண்டு ஆர்தர் ரோடு வைத்தியசாலையைத் தாக்கினார்கள்.

அடுத்த நாளே கமிஷனர் ஸ்னோ இறங்கி வந்தார். வீட்டிலேயே தக்கபடி தனிமையும் சிகிச்சையும் அளிக்க இயலுமானால் எந்த நோயாளியும் வைத்தியசாலைக்கு அகற்றப்பட மாட்டார் என்று புதிய அறிவிப்பு வெளியாயிற்று.

ஆயிரம் பேரின் கற்களுக்கு அஞ்சித்தானா ஒரு சாம்ராஜ்யத்தின் அதிகாரி தம் உத்தரவை மூன்றே வாரங்களில் தளர்த்தினார்? அவர் பின்னர் எழுதிய அறிக்கையைப் பார்க்கும்போது, அவருடைய உறக்கத்தைக் கெடுத்த அச்சம் வேறு என்பது தெரிகிறது. பம்பாயில் ஹலால்கோர் என்று அழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் நகரத்தை விட்டு ஓடிவிடுவார்களோ என்பதே அந்த அச்சம்.

அன்றைய பம்பாயின் மிகப் பெரும் பகுதியில் மலத்தை மனிதர்களே கூடைகளில் அள்ளிச் சுமந்து வெளியேற்றினார்கள். அவர்கள் ஒரு வாரம் வராவிட்டால், மில் முதலாளியின் மாளிகையும் கவர்னரின் காரியாலயமும் உட்பட, எட்டு லட்சம் பேர் கொண்ட நகரம் வாசத்துக்கு லாயக்கற்றதாகிவிடும் என்பதை ஸ்னோ நன்கு உணர்ந்திருந்தார். பிற குடிமக்களைப்போல அவர்களும் பலவந்தமாகத் தூக்கிச் செல்லப்படுவோம் என்று பயந்து கிளம்பிவிட்டால் தடுக்க உபாயமில்லை.

நகர சபையிலோ சட்டசபையிலோ ஓர் ஆசனம்கூட இல்லாத, பெயரைக் கேட்பாரற்ற அந்த மனிதர்கள், வாய் திறந்து ஒரு கோரிக்கையும் வைக்காமலே ஓர் அரசாணையைத் திருப்பிவிட்டார்கள். இந்த நோயின் சரித்திரத்தை எழுதியவர்கள் பலரும் கல்லெறிந்த ஆயிரம் பேரை நிறுத்திக் காட்டுகிறார்கள். கூடை சுமந்த இவர்களையே முதலில் நிறுத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

* * *

பாதி நகரம் வெளியேறுகிறது

துப்புரவுத் தொழிலாளர்கள் பெரும்பாலும் நின்றார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

1891-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பம்பாயின் ஜனத்தொகை 8,21,764. அக்டோபர் 1896-க்கும் அடுத்த பிப்ரவரிக்கும் இடையே சுமார் 3,80,000 பேர் நகரத்தை விட்டு வெளியேறினார்கள் என்பது அதிகாரிகளின் மதிப்பீடு. விக்டோரியா டெர்மினஸில் ரயில் ஏறியவர்கள், கொங்கணத்துக்குக் கப்பல் ஏறியவர்கள், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனவர்கள் என்று எல்லா வழிகளும் நிறைந்தன. வியாபாரம் ஸ்தம்பித்தது, கடைவீதிகள் வெறிச்சோடின.

ரயில் நிலையங்களில் வைத்தியப் பரிசோதனை ஏற்பட்டது. பிரயாணிகளை வண்டியிலிருந்து இறக்கி நிறுத்தி, அக்குளையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பார்த்தார்கள். ஸ்திரீகளுக்கு நேர்ந்த இந்த அவமானத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுந்த கூக்குரல் நெடுநாள் ஓயவில்லை. எனினும் நோய் ரயிலுடனேயே சென்றது, டிசம்பரில் கராச்சியில் வெடித்தது, பூனாவில் பற்றிக்கொண்டது. சில ஆண்டுகளில் அது தெற்கேயும் வந்தது என்பதற்கு, கோயம்புத்தூரில் இன்றும் வழிபாடு நடக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் சாட்சி.

இந்த ஓட்டத்தில் மில் தொழிலாளியின் நிலைதான் மிகவும் இக்கட்டானது. மில்களில் அக்காலத்தில் மாதச் சம்பளமே வழக்கம். அதையும் மாதம் முடிந்தவுடன் கொடுப்பதில்லை. பல வாரங்கள் பிடித்து வைத்துக்கொண்டே கொடுப்பார்கள். சொல்லாமல் வேலையை விட்டால் அந்தப் பாக்கி போயிற்று. எனவே ரத்தினகிரியிலிருந்தோ சாதாராவிலிருந்தோ வந்து லால்பாகிலோ பரேலிலோ குடியிருந்தவன், பக்கத்து அறையில் பிணம் விழுந்த காலை நேரத்தில், உழைத்துச் சம்பாதித்துத் தன் கைக்கு வராத கூலிக்காக இன்னும் மூன்று வாரம் காத்திருப்பதா, அதை மில்காரனுக்கே விட்டுவிட்டு மனைவி மக்களோடு ஊர் போய்ச் சேர்வதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. பல்லாயிரவர் கூலியை விட்டுவிட்டு உயிரைக் கொண்டு போனார்கள்.

தறிகள் நின்றன. அப்பொழுது அந்நகரம் அதற்கு முன் கண்டிராத ஒரு சம்பவம் நடந்தது. எஞ்சியிருந்த தொழிலாளர்கள் தெருமுனைகளில் கூடி நின்றார்கள். மில்களின் மேஸ்திரிகள் அங்கே வந்து, ஒருவருக்கு மேல் ஒருவராகக் கூலியை உயர்த்தி ஏலம் கேட்டு ஆட்களை அழைத்துச் சென்றார்கள். அன்றைய கூலியை அன்றே கொடுத்தால்தான் வருவோம் என்று தொழிலாளர் சொல்ல, முதலாளிகள் அதற்கும் இசைந்தார்கள். நேற்றுவரை சம்பளப் பாக்கியைக் கடிவாளமாகப் பிடித்திருந்த கை தளர்ந்தது. நோய் தணிந்தபின் அந்தக் கையே மறுபடி இறுகப் பார்த்ததையும், அதனால் விளைந்தவற்றையும் உரிய இடத்தில் சொல்வேன்.

* * *

ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும்

எல்லாரும் ஓடிய அந்த மாதங்களில் ஓடாமல் இருந்தவர்களில் வைத்தியர்களும் தாதிகளும் உண்டு. 1897 ஜனவரியில் ஜே.ஜே. வைத்தியசாலையின் மூத்த மருத்துவரான டாக்டர் மேன்சர் பிளேக்குக்கு இரையானார். அவருக்குப் பணிவிடை செய்த தாதியும் அதே நோயில் மாண்டார். நெறி கட்டாமல் நேரே நுரையீரலைத் தாக்கி, இருமலின் மூலமே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும் பிளேக் ஒன்று உண்டு என்பதைப் பம்பாயின் மருத்துவர்கள் தெளிவாகப் புரிந்துகொண்டது இத்தகைய மரணங்களின் வழியாகத்தான்.

அந்த வைத்தியசாலையை அடுத்த கிராண்ட் மருத்துவக் கல்லூரியில், ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கொண்ட இடத்தில், ருஷ்ய நாட்டின் ஒடெஸ்ஸாவில் பிறந்த யூதரான வால்டெமர் ஹாப்கின் அக்டோபர் முதல் வேலை செய்துகொண்டிருந்தார். வயது முப்பத்தாறு. பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பயின்றவர். காலராவுக்குத் தடுப்பூசி கண்டு, இந்தியாவில் பல்லாயிரவருக்கு அதைப் போட்டுப் பெயர் பெற்றவர். அவருக்கு அளிக்கப்பட்ட பரிவாரம் ஒரு குமாஸ்தாவும் மூன்று பணியாட்களும். இரவு பகல் பாராத அந்த உழைப்பில் உதவியாளர் ஒருவர் மனம் பேதலித்துப் போக, இருவர் விலகிச் சென்றார்கள்.

கண்ணாடிக் குடுவைகளில் இறைச்சி ரசத்தை ஊற்றி, மேலே சில துளி நெய் விட்டு, அதில் பிளேக் கிருமியை விதைத்துவிட்டு அவர் காத்திருந்தார். மிதக்கும் நெய்த்துளியின் அடியிலிருந்து கிருமிக் கூட்டம் மெல்லிய விழுதுகளாக ரசத்துக்குள் இறங்கி வளரும். குடுவையைச் சற்று ஆட்டினால் விழுதுகள் உதிர்ந்து அடியில் தங்கும். மறுபடியும் புதிய விழுதுகள் இறங்கும். போதிய அளவு சேர்ந்ததும் வெப்பத்தால் கிருமிகளைக் கொன்று, அந்தச் செத்த கிருமிகளின் நீரையே மருந்தாக்கினார். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மனக்கிலேசம் உண்டாகாதபடி மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் தவிர்த்து ஆட்டிறைச்சியில் அந்த ரசத்தைத் தயாரித்தார். இந்தத் தேசத்தில் அந்நியரான அந்த மனிதருக்குத் தோன்றிய இந்தச் சிறு யோசனை, ஆர்தர் ரோட்டு உத்தரவை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி 10-ஆம் தேதி, பிறருக்குப் போடக் கருதிய அளவைவிட அதிகமான மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். கடுங்காய்ச்சலும் வலியும் வந்தன, பிறகு தணிந்தன.

அம்மாதக் கடைசியில் பைகுல்லா சிறைச்சாலைக்குள் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொள்ளாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். போட்டுக்கொண்டவர்களில் நோய் கண்டவர் 2 பேர், இருவரும் பிழைத்தனர். ஒரே கூரை, ஒரே உணவு, ஒரே காற்று. வேறுபாடு அந்த ஊசி ஒன்றுதான்.

* * *

நான்கு பிரிவுகள்

பைகுல்லாவின் கணக்கு முடியும் முன்பே கல்கத்தாவில் வேறு ஒரு காரியம் அவசரமாக நடந்தேறியது.

இந்தியத் துறைமுகங்களிலிருந்து வரும் சரக்கையும் பிரயாணிகளையும் தடுக்க ஐரோப்பிய நாடுகள் முனைந்தன. பிப்ரவரியில் வெனிஸில் சர்வதேச சுகாதார மகாநாடு கூடவிருந்தது. பருத்தியும் தானியமும் துறைமுகத்தில் தேங்கிவிடுமோ என்ற கவலையில், சர்க்கார் தன் உறுதியை உலகத்துக்குக் காட்ட விரும்பியது. ஜனவரி இறுதியில் வைசிராய் எல்ஜின் பிரபுவின் சபையில் மசோதா வந்தது. 1897 பிப்ரவரி 4-ஆம் தேதி தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது.

நான்கே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம் அது. சாதாரணச் சட்டங்கள் போதாவென்று கண்டால் சர்க்கார் எந்த நபரையும், எந்தக் கூட்டத்தாரையும் குறித்து எந்த விதியையும் வகுக்கலாம், பிரயாணிகளைச் சோதிக்கலாம், நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுவோரைத் தனித்து வைக்கலாம், மீறியவருக்குத் தண்டனை உண்டு, அச்சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்துடன் செய்த காரியத்துக்காக எந்த அதிகாரியின்மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. பிரஜைக்கு சர்க்கார் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றி, எரித்த படுக்கைக்கு ஈடு கொடுப்பது பற்றியோ, கூலியிழந்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவது பற்றியோ, அதில் ஒரு வரி இல்லை. 123 ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, தமிழ்நாடு உட்பட நம் மாநிலங்கள் கையில் எடுத்ததும் இந்தச் சட்டத்தையே என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அக்டோபரில் கமிஷனர் ஸ்னோவின் கையில் இருந்தது ஒரு முனிசிபல் சட்டம். அவர் பின்வாங்க முடிந்தது, பின்வாங்கினார். இப்போது பிறந்திருக்கும் சட்டமோ பின்வாங்குவதற்கென்று இயற்றப்பட்டதல்ல. மார்ச் மாதம் பம்பாயின் பிளேக் நிர்வாகமே பிரிகேடியர் ஜெனரல் கெடேக்கர் என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் ஒரு கமிட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே, சாதாராவில் உதவி கலெக்டராக இருந்த வால்டர் சார்லஸ் ரேண்ட் பூனாவின் பிளேக் நிர்வாகப் பொறுப்பை ஏற்று அங்கே வந்து சேர்ந்தார். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். புதிய சட்டம் அவர் கையில் இருந்தது. வீடு வீடாகச் சோதனை போட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவருக்குக் கொடுக்கப்பட்டார்கள். பம்பாயின் சால்களைப்போல நேற்று வந்து குடியேறியவர்களின் ஊரல்ல பூனா. பேஷ்வாக்களின் பழைய தலைநகரம். தலைமுறை தலைமுறையாக அந்நியர் காலடி படாத பூஜையறைகளும் சமையற்கட்டுகளும் கொண்ட, வாடா எனப்படும் வீடுகளின் நகரம். திலகரின் கேசரி பத்திரிகை வெளியான ஊரும் அதுதான்.

ஆயிரம் மில் தொழிலாளர்களின் முன்னே தளர்ந்த அதிகாரம், துப்பாக்கி ஏந்தியவர்களுடன் அந்த வாடாக்களின் வாசலில் வந்து நின்றபோது, உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

(தொடரும்)